ஸ்லைட் கிற்றார்: அழுத்திப் பழகிய கை விடும் பிழைகள்

மட்டக்களப்பில் கிற்றார் வாசிக்கிற கைகளுக்குக் குறைவில்லை. பறங்கியர் வீட்டுக் கலியாணத்தில் கஃப்ரிஞ்ஞா ஆட்டம், கல்முனைப் பக்கத்து மேடைகளில் பைலா, ஞாயிறு பூசையில் பாடகர் குழு என்று எங்கும் கோர்ட் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) பிடிக்கத் தெரிந்த ஒருவராவது இருப்பார். அவரே ஸ்லைட்டை, அதாவது தந்தியின் மேல் வழுக்கி வாசிக்கும் கண்ணாடி அல்லது உலோகக் குழாயை, விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முதல் வாரம் சட்டி சுரண்டுகிற சத்தம்தான் வரும். காரணம், கை பழைய பழக்கத்தை விடாததுதான். விரலால் வாசிக்கும்போது தந்தியை அழுத்துகிறோம், சுருதியை ஃப்ரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி, பார்த்துக்கொள்கிறது. ஸ்லைட்டில் அழுத்தவும் கூடாது, ஃப்ரெட்டும் உதவிக்கு வராது. கீழே சொல்லும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து முளைப்பவை.

ஸ்லைட்டைத் தந்தியின் மேல் வைத்தால் போதும், அதன் பாரமே தொடுகைக்குக் காணும். அழுத்தினால் தந்தி கீழே இறங்கி ஃப்ரெட்டில் முட்டும், 'டக்' என்று சத்தம் கேட்கும், சுரமும் ஏறிவிடும். லேசாக வைத்தும் முட்டுகிறது என்றால் கிற்றாரைப் பாருங்கள். 12ஆம் ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே சுமார் 3 மி.மீ. இடைவெளி இருந்தால் வசதி. கிற்றார் உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் அவை ஏறி நிற்கும் வெள்ளைத் துண்டின் கீழே பழைய ஏரிஎம் அட்டையில் நறுக்கிய கீற்று இரண்டை வைத்தால் அங்கே ஒன்றரை மி.மீ. உயரும். 12ஆம் ஃப்ரெட்டில் அதில் பாதிதான் கூடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகி உயரம் கூட்டப் போக வேண்டாம், அது வேறு வேலைக்கானது. வாவிக் காற்றில் கழுத்து வளைந்து, "இனி வாசிக்க ஏலாது" என்று மூலையில் சாத்திய பழைய கிற்றார் வீட்டில் இருந்தால் அதையே எடுங்கள். கோர்ட்டுக்கு உதவாத அந்த உயரம் ஸ்லைட்டுக்கு வரம்.

மெல்லிய தந்தியும் இதே தொல்லையைத் தரும். எலெக்ட்ரிக் கிற்றாரில் வரும் 9 செட் (முதல் தந்தியின் தடிப்பு அங்குலத்தின் ஆயிரத்தில் 9 பங்கு) ஸ்லைட்டின் கீழே தொட்டில் போலத் தொங்கும், 11 செட்டாவது போடுங்கள். அக்குஸ்டிக் என்றால் 12 செட் போதும். முதல் தந்தியை மட்டும் 13 அல்லது 14 ஆக்கினால் சத்தம் தடிப்பாக வரும்.

அடுத்தது சுருதி. பெரும்பாலானோர் இடறுவது இங்கேதான். விரலை இரண்டு ஃப்ரெட் கம்பிகளுக்கு நடுவில் வைத்த பழக்கத்தில் ஸ்லைட்டையும் அங்கேயே வைக்கிறார்கள். ஸ்லைட் நிற்க வேண்டியது ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே. அதை அறிந்தவர்களும் பாதி வழியில் தவறுகிறார்கள், ஏனென்றால் ஸ்லைட் உருளை. 22 மி.மீ. விட்டமுள்ள ஸ்லைட் தந்தியைத் தொடுவது அதன் நடுக்கோட்டில், பிரிட்ஜ் பக்கத்து விளிம்பிலிருந்து 11 மி.மீ. தள்ளி. கண்ணுக்குத் தெரியும் அந்த விளிம்பைக் கம்பியோடு ஒட்டி நிறுத்தினால் 11 மி.மீ. பின்னால் நிற்கிறீர்கள். 650 மி.மீ. நீளத் தந்தியில் 5ஆம் ஃப்ரெட்டின் அகலம் (முந்திய கம்பியிலிருந்து அதன் கம்பி வரை) ஏறத்தாழ 29 மி.மீ., அங்கே அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாழும். 12ஆம் ஃப்ரெட்டின் அகலம் 19 மி.மீ.தான், ஆகவே அங்கே பாதிக்கும் மேல் தாழும். மேலே போகப் போக ஏன் இன்னும் கோணலாகக் கேட்கிறது என்பதற்கு விடை இதுதான்.

கண்ணை நம்பாமல் காதை நம்பப் பழக நம்மிடம் நல்ல சாமான் உண்டு: சுருதிப்பெட்டி. போனில் இருக்கும் தம்புரா செயலியும் போதும். 5 கட்டையில் (ஜி சுருதியில்) ஓடவிட்டு, ஒரே தந்தியில் ஒரு சுரத்துக்கு வழுக்கிப் போய் நில்லுங்கள். தம்புராவோடு உரசும் அலைவு அடங்கும் இடம்தான் சரியான இடம். கோட்டுவாத்தியம் கேட்ட காதுக்கு இது புதிதல்ல. ஃப்ரெட்டே இல்லாத வாத்தியத்தில் உருளையை ஓட்டி அவர்கள் செய்வதும் இதையேதான்.

5 கட்டை என்று சொன்னது ஓப்பன் ஜி டியூனிங்குக்காக, அதாவது எந்தத் தந்தியையும் பிடிக்காமல் மீட்டினாலே ஜி கோர்ட் ஒலிக்கும் சுருதி அமைப்புக்காக. வழமையான டியூனிங்கிலேயே ஸ்லைட்டைப் பழகப் பார்ப்பது வீண் சிரமம், ஸ்லைட்டை நேராக வைத்தால் முழுக் கோர்ட் கிடைக்காது. 6ஆம் தந்தியை ஈயிலிருந்து டீக்கும், 5ஆம் தந்தியை ஏயிலிருந்து ஜிக்கும், முதல் தந்தியை ஈயிலிருந்து டீக்கும் இறக்குங்கள். மற்ற மூன்றும் அப்படியே. தடித்த தந்தியிலிருந்து பார்த்தால் ப ச ப ச க ப. திறந்த தந்திகள் ஜி கோர்ட், 5ஆம் ஃப்ரெட் சீ, 7ஆம் ஃப்ரெட் டீ, 12இல் மறுபடி ஜி. பைலாப் பாட்டில் பாதிக்கு இது போதும். மூன்று தந்திகள் தளர்ந்ததும் கழுத்தின் இழுவை குறையும், மற்றவை சற்று ஏறும், எனவே ஆறையும் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். முதல் நாளே ஓப்பன் ஈக்குப் போகாதீர்கள். அதில் மூன்று தந்திகளை ஏற்ற வேண்டும், பழைய கிற்றாரில் தந்தி அறும், பிரிட்ஜ் கிளம்பும்.

இரைச்சல் வேறு கதை. ஸ்லைட்டுக்குப் பின்னால், தலைப் பக்கமாக மிஞ்சும் தந்தித் துண்டும் அதிரும், அது சம்பந்தமில்லாத ஒரு சுரம். ஸ்லைட்டைச் சுண்டுவிரலில் போட்டு, மற்ற மூன்று விரல்களையும் பின்னால் தந்திகளின் மேல் இறகு போலப் படுக்க விடுங்கள். வலது கைக்கும் வேலை உண்டு. முதல் தந்தியை நடுவிரலால் மீட்டும்போது ஆள்காட்டி விரல் 2ஆம் தந்தியிலும் பெருவிரல் 3ஆம் தந்தியிலும் ஓய்ந்திருக்க வேண்டும். பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பிடித்த கையால் இதைச் செய்வது கடினம், ஆரம்பத்தில் பிக்கை மறந்துவிடுங்கள். ஸ்லைட் இல்லாமல் இந்த அடக்கலை மட்டும் ஒரு வாரம் பழகினாலும் நேரம் வீணல்ல.

எல்லாச் சுரத்துக்கும் வழுக்குவதும் பிழையே. ஜாரு என்னும் அந்த வழுக்கல் அழகுதான், ஆனால் சோற்றில் உப்பு போல. நாலு சுரத்தில் மூன்றை ஸ்லைட்டைத் தூக்கி வைத்து வாசித்துப் பாருங்கள். அசைவும் அப்படியே: சுரத்தில் போய் நின்ற பிறகு கம்பிக்கு இருபுறமும் சமமாக ஓரிரு மி.மீ. அசைந்தால் போதும். பிசகிய சுருதியை அசைத்து மறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு, கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஸ்லைட் எதுவென்று பெரிதாக யோசிக்க வேண்டாம். கண்ணாடி மென்மையாகவும் பித்தளை கூர்மையாகவும் ஒலிக்கும். அமெரிக்க ஸ்லைட் கலைஞர்களில் டுவேன் ஓல்மன் வெறும் மருந்துக் குப்பியால் வாசித்தவர், லோவல் ஜோர்ஜ் கையில் இருந்தது ஸ்பார்க் பிளக் கழற்றும் 11/16 அங்குல சொக்கட். ஏசி பொருத்துபவரிடம் கிடைக்கும் முக்கால் அங்குலச் செம்புக் குழாயில் 6 செ.மீ. வெட்டி, விளிம்பை அரத்தால் ராவினாலும் ஆயிற்று. விரலில் தளர்ந்து ஆடினால் உள்ளே பிளாஸ்டர் ஒரு சுற்று. போத்தல் கழுத்தை வீட்டில் வெட்டப் போகிறீர்கள் என்றால், உப்புத்தாள் போடாத கண்ணாடி விளிம்பு விரலையும் தந்தியையும் ஒருசேர அறுக்கும்.

கடைசியாகத் தந்தித் துரு. கல்லடி, பாசிக்குடா போன்ற கரையோரத்தில் உப்புக்காற்று தந்தியைச் சீக்கிரம் தின்னும், துருப்பிடித்த தந்தியில் ஸ்லைட் கரகரக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்து, கிற்றாரை உறையில் வையுங்கள். மாரி மழையிலும் கச்சான் காற்றிலும் மரம் மாறி மாறி உப்பும், சுருங்கும். அந்த நாட்களில் ஸ்லைட்டை மாட்டுமுன் டியூனரைத் திறப்பதே முதல் வேலை.