இருபதுகளில் இருப்போர் தடுப்புப் பரிசோதனைக்குத் திட்டமிடுவது எப்படி?

அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்புறுதிச் சட்டம், பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்புறுதியில் நீடிக்கவும், பல தடுப்புச் சேவைகளைக் கூடுதல் கட்டணமின்றிப் பெறவும் வழிவகுத்தது. மலேசியாவின் கோலாலம்பூரில் வேலைக்குச் சேரும் இளையோருக்கு அத்தகைய சட்டப் பாதுகாப்பு இல்லை. குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 என்ற அரசாங்கத் திட்டத்தின் இலவசப் பரிசோதனையும் 40 வயதில்தான் தொடங்குகிறது.

ஆகவே, முதலில் உங்கள் மெடிக்கல் கார்டின் (மருத்துவக் காப்புறுதியின்) ஒப்பந்தத்திலுள்ள விலக்குப் பட்டியலைப் படியுங்கள். பெரும்பாலான கார்டுகள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் செலவை ஏற்குமே தவிர, நோய் அறிகுறி இல்லாதபோது செய்யும் பரிசோதனையை ஏற்பதில்லை. நிறுவனம் தரும் கிளினிக் சலுகையில் அது உண்டா என்பதை மனிதவளப் பிரிவிடம் எழுத்து மூலமாகவே கேளுங்கள். வாய்மொழிப் பதில் கட்டண முகப்பில் செல்லாது.

இரண்டிலும் இல்லையென்றால் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கை நாடலாம். குடிமக்களுக்குப் புறநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). காத்திருக்கப் பொறுமை வேண்டும். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற பெரிய இனத்தவரைவிட அதிகம் என்பதால், பெற்றோருக்கு அந்நோய் இருப்பின் அதை மருத்துவரிடம் சொல்லி, இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைச் சோதிக்கக் கேளுங்கள். பெண்கள் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை குறித்தும் விசாரிக்க வேண்டும்.

தனியாரிடம் முழு உடற்பரிசோதனை செய்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வருமான வரிக் கணக்கில் 1,000 வெள்ளி வரை கழிவு கோரலாம்.