பேக்பிளேட், விங் வாங்கும் முன்: கணக்குப் போடாமல் செய்யும் தவறுகள்

ஸ்கூபா டைவிங்கில் மிதப்பைக் கட்டுப்படுத்த உடுத்தும் காற்றுச் சட்டையான ஜாக்கெட் பிசிடியை விட்டு, முதுகில் மாட்டும் தகடான பேக்பிளேட்டுக்கும் அதோடு சேரும் காற்றுப்பையான விங்குக்கும் மாற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான். எந்த சிலிண்டரோடு, எந்த சூட் (உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) போட்டுக்கொண்டு, எந்தத் தண்ணீரில் இறங்கப் போகிறோம் என்பதை அப்புறம்தான் யோசிக்கிறார்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

இந்த அமைப்பு வட ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில் வளர்ந்தது. ஒரே நீளப் பட்டையைத் தகட்டில் கோத்துக் கட்டும் ஹார்னஸோடு இன்றும் சேர்த்துச் சொல்லப்படும் வில்லியம் ஹோகார்த் மெயின் அங்கே டைவ் செய்தவர். அவர்கள் முதுகில் இரட்டைச் சிலிண்டர்கள் இருந்தன. பாண்டிச்சேரியிலோ அந்தமானிலோ திருகோணமலையிலோ இறங்கும் நமக்குத் தண்ணீர் பெரும்பாலும் 27 முதல் 29 டிகிரி. சூட் 3 மில்லிமீட்டர். டைவ் சென்டர் கொடுப்பது ஒற்றை அலுமினியம் 80 சிலிண்டர். அங்கே சரியாக இருந்த அளவுகள் இங்கே சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அதிகம் பார்க்கும் தவறு, தேவைக்கு மேல் பெரிய விங். "அதிகமாக இருந்தால் பாதுகாப்புதானே" என்று 20 கிலோவுக்கு மேல் தூக்கும் விங்கை வாங்குகிறார்கள். உண்மையில் எவ்வளவு வேண்டும் என்று பார்க்கலாம். விங் ஈடுகட்ட வேண்டியது இரண்டை. ஒன்று, சிலிண்டருக்குள் இருக்கும் காற்றின் எடை. அலுமினியம் 80 எனும் இந்த 11.1 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் காற்று மட்டும் ஏறக்குறைய 2.7 கிலோ. இரண்டாவது, ஆழத்தில் சூட் நசுங்கி இழக்கும் மிதப்பு. 3 மில்லிமீட்டர் முழு சூட்டின் மிதப்பு மேற்பரப்பிலேயே சுமார் 2 முதல் 3 கிலோதான். அதற்கு மேல் இழக்க அதனிடம் எதுவும் இல்லை. ஆக மொத்தம் 5, 6 கிலோ. இன்னொரு சோதனையும் உண்டு: படகிலிருந்து இறக்கிவிட்டால், நிரப்பிய சிலிண்டரோடு இந்த செட் ஆளில்லாமல் தனியாக மிதக்க வேண்டும். ஸ்டீல் தகடு, மூச்சுவிட உதவும் ரெகுலேட்டர், சிலிண்டர், மூழ்குவதற்காக அதில் மாட்டிய ஈய எடை எல்லாம் சேர்ந்தாலும் அதற்கும் ஏறக்குறைய அவ்வளவே போதும். 12 முதல் 14 கிலோ தூக்கும் விங் நமக்குத் தாராளம்.

பெரிய விங்கால் என்ன கெடுதல்? கொஞ்சமே காற்று உள்ள பெரிய பை ஒற்றைச் சிலிண்டரின் இருபுறமும் மடிந்து எழும்பும். உள்ளே காற்று ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் ஓடும், வெளியேற்றும்போது மடிப்பில் சிக்கும். மேலேறும்போது அந்தக் காற்று விரிந்துகொண்டே போவதால், வெளியே விட முடியாமல் தவிப்பது நல்லதல்ல.

அடுத்தது தகடு. "ஸ்டீல்தான் சிறந்தது" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அலுமினியம் 80 நிரம்பியிருக்கும்போது சுமார் 1 கிலோ மூழ்கும். காலியாகும் நேரத்தில் 1.5 கிலோ அளவுக்கு மிதக்கத் தொடங்கும். அதோடு 3 மில்லிமீட்டர் சூட்டும் சேர்ந்தால் பலருக்கு 3, 4 கிலோ ஈயம் தேவைப்படும். இங்கே 2.7 கிலோ ஸ்டீல் தகடு அருமையான தேர்வு. ஈயத்தில் பெரும்பகுதி இடுப்பை விட்டு முதுகுக்குப் போய்விடும், கால் தாழாமல் உடல் படுக்கையாக நிற்பதும் எளிதாகும். ஆனால் அதே தகட்டை, காலியானாலும் மூழ்கும் ஸ்டீல் சிலிண்டரோடு, வெறும் ராஷ்கார்டு (மெல்லிய நீச்சல் சட்டை) போட்டுக்கொண்டு மாட்டினால் எடை கூடிப்போகும். அப்படி டைவ் செய்பவருக்கு ஒரு கிலோவுக்குள் வரும் அலுமினியத் தகடே சரி. விமானத்தில் அடிக்கடி போகிறவர்கள் பெட்டி எடைக்காக அதை வாங்குவதும் நியாயம்தான். ஆனால் தகட்டில் குறைந்த எடையை ஈயமாக இடுப்பில் சேர்க்க வேண்டியிருக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

நான் மிகவும் கவலைப்படும் தவறு ஒன்று உண்டு: எடை முழுவதையும் கழற்ற முடியாத இடத்தில் வைப்பது. டைவின் தொடக்கத்தில், 18 மீட்டரில் விங் கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் எடையும் சூட் இழந்த மிதப்பும் சேர்ந்து 4 கிலோவுக்கு மேல் உங்களைக் கீழே இழுக்கும். துடுப்பு போட்டு அதைத் தூக்கிக்கொண்டு மேலே வருவது எல்லோராலும் ஆகாது. இடுப்பில் கழற்றக்கூடிய ஒன்றிரண்டு கிலோ இருந்தால் நிலைமையே மாறிவிடும். ஆகவே தேவையான எடையை முதலில் கண்டுபிடியுங்கள், அதில் கழற்றும் பங்கை ஒதுக்குங்கள், மீதிக்கு ஏற்பத் தகட்டைத் தேர்ந்தெடுங்கள்.

ஹார்னஸை இறுக்கிக் கட்டுவதும் ஜாக்கெட்டிலிருந்து வந்த பழக்கம். இங்கே தோள்பட்டை இறுகக் கூடாது. மார்பருகே பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் கை தாராளமாக நுழைய வேண்டும். செட் நகராமல் பிடிப்பவை இடுப்புப் பட்டையும் கால்களுக்கு நடுவே வரும் பட்டையும்தான். அந்தக் கீழ்ப்பட்டையைத் தொந்தரவு என்று கழற்றிவிட்டால் தகடு கழுத்தை நோக்கி ஏறும். தகட்டின் மேல் விளிம்பைக் கையைப் பின்னால் விட்டுத் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் சிலிண்டர் வால்வும் எட்டாது. அளவெடுப்பது சூட் போட்ட பிறகுதான். கடையில் சட்டையோடு நின்று சரிசெய்தது தண்ணீரில் பொருந்தாது.

ஒரே விங்கில் எல்லாம் முடித்துவிடலாம் என்பது பணம் மிச்சமாகும் யோசனைபோலத் தோன்றும். மட்டக்களப்பு அருகே 1942 ஏப்ரலில் மூழ்கிய ஹெர்மீஸ் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதற்கு இரட்டைச் சிலிண்டர், பயிற்சி, 18 கிலோவுக்கு மேல் தூக்கும் அகலமான விங் எல்லாம் வேண்டும். ஒருநாள் அங்கே போவோம் என்று அந்த விங்கை இன்றே ஒற்றைச் சிலிண்டரில் மாட்டினால், மேலே சொன்ன மடிப்புப் பிரச்சினைதான் வரும். தகடும் ஹார்னஸும் அப்போதும் உதவும். விங்கை அன்று வாங்கிக்கொள்ளலாம்.

சின்ன விஷயங்கள் சில. தகட்டின் போல்ட் துளைகளுக்கு நடுவே 11 அங்குலம் என்பது பொதுவான அளவு. ஆனால் ஒற்றைச் சிலிண்டர் பட்டைக்கான பிளவுகள் தகட்டிலும் விங்கிலும் பொருந்துகின்றனவா, தனி அடாப்டர் வேண்டுமா என்று வாங்கும் முன் கேளுங்கள். விங்கில் காற்றை ஏற்றி இறக்கும் இன்ஃப்ளேட்டர் குழாய் நீளமாகத் தொங்கினால் பவளத்தில் உரசும். மேற்பரப்பில் விங்கை முழுக்க ஊதாதீர்கள், முகம் தண்ணீரை நோக்கித் தள்ளப்படும். அளவாக ஊதிச் சற்றுப் பின்னால் சாய்ந்தால் போதும். பழைய விங் வாங்குவதாக இருந்தால், நன்றாக ஊதி ஓர் இரவு வைத்துவிட்டு, காலையிலும் விறைப்பாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.