ஊரடங்கில் ஊர் வானொலியை நடத்துவது எப்படி

2020 மார்ச் 24 இரவு பிரதமர் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் எங்கள் நிலையத்துக்கு வந்த முதல் போன் கொரோனாவைப் பற்றியது இல்லை. நாளைக் காலையில் பால் வருமா என்று ஒரு அம்மா கேட்டார். அடுத்து வந்தவர் அப்பாவுக்குச் சுகர் மாத்திரை மூன்று நாளைக்குத்தான் இருக்கிறது, மருந்துக்கடை திறக்குமா என்றார். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் எந்த டிவியிலும் கிடைக்காது. எங்களுடையது போன்ற சமுதாய வானொலியின், அதாவது ஒரு ஊருக்காக நடக்கும் சின்ன எஃப்.எம். நிலையத்தின், டிரான்ஸ்மிட்டர் 50 வாட்தான், கோபுரம் 30 மீட்டர், சுற்றி 10, 15 கிலோமீட்டருக்குக் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த வட்டத்துக்குள் எந்தக் கடை எப்போது திறக்கும் என்று சொல்ல வேறு ஆளும் கிடையாது. அடுத்த தொற்று வந்தால் ஒரு நிலையம் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன், வெள்ளத்துக்கும் புயலுக்கும்கூட இதில் பாதி பொருந்தும்.

முதலில் ஸ்டூடியோ. சத்தம் வராமலிருக்க நாம் அடைத்து வைத்திருக்கும் அறைதான் காற்றில் பரவும் நோய்க்கு மிகவும் வசதியான இடம். அதனால் உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர், வெளியே ஒருவர், ஒலிப்பதிவு முடிந்ததும் கதவைத் திறந்து வைத்து ஃபேனைப் போட்டுக் காற்றை மாற்றுங்கள். மைக்கின் பஞ்சு உறையை ஆளுக்கு ஒன்றாகப் பெயர் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒலியைக் கலக்கும் மிக்ஸரில் சானிடைசரை நேரடியாக அடிக்காதீர்கள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்குள் இறங்கினால் போச்சு. மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் மேலாகத் துடைத்தால் போதும்.

மற்ற எல்லோரும் வீட்டிலிருந்தே பேசட்டும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதற்கு முன்னால் உட்கார்ந்தாலோ, போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாலோ எதிரொலி குறையும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஃபேனை நிறுத்தி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், போனின் ரெக்கார்டரில் பதிவு செய்து டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். நிலையத்துக் கணினியை வீட்டிலிருந்தே இயக்க எனிடெஸ்க் போல ஒரு மென்பொருளை முன்கூட்டியே போட்டு வைத்து, ஒரு நாள் முழுக்கச் சோதித்துப் பாருங்கள், யு.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதையும் சேர்த்து.

அடுத்ததுதான் முக்கியம்: காலைத் தகவல். தினமும் 6 மணிக்கு ஒருவர் உட்கார்ந்து வரிசையாகப் போன் போட வேண்டும். ரேஷன் கடை ஊழியர், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், வி.ஏ.ஓ., பஞ்சாயத்துத் தலைவர், காய்கறி வண்டிக்காரர், மருந்துக்கடை. யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதுங்கள். மனதில் வைத்துக்கொண்டு போய்ப் பேசாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு ரூ.1000-மும் இலவசப் பொருள்களும் கொடுத்தார்கள், கூட்டம் சேராமலிருக்க டோக்கன் முறை. நாங்கள் அவசரத்தில் "இன்று ரேஷன் கடையில் பணம் கொடுக்கிறார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டோம். அன்றைக்கு இரண்டு தெருவுக்குத்தான் முறை. ஒரு மணி நேரத்தில் ஊரே கடை வாசலில் நின்றது, வெயிலில், தோளோடு தோள் உரசிக்கொண்டு, வயதானவர்கள் எல்லாம். கூட்டம் சேர்க்காதீர்கள் என்று நாள் முழுக்கச் சொன்ன நாங்களே கூட்டத்தைச் சேர்த்தோம், அதை இன்றுவரை மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து எந்த அறிவிப்பிலும் எந்த இடம், எந்தத் தெரு, எத்தனை மணி, என்ன கொண்டுவர வேண்டும் என்ற நான்கும் இல்லாவிட்டால் ஒலிபரப்புவதில்லை. ஐந்தாவதாக ஒன்றும் உண்டு: "மற்ற தெருக்காரர்கள் இன்று வர வேண்டாம்." அப்புறம், "செவ்வாய்க்கிழமை, காலை 7 மணி நிலவரம்" என்று தொடங்குங்கள். பழைய அறிவிப்பு மாலையில் தானாக மறுபடி ஓடாதபடி பிளேலிஸ்ட்டிலிருந்து நீக்குவதை ஒருவர் பொறுப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் செய்தி ஆகாதா என்று பயப்பட வேண்டாம். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது, ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். ஆனால் மின்தடை, குடிநீர், வானிலை, மாவட்ட நிர்வாகம் தரும் சுகாதார எச்சரிக்கை இவையெல்லாம் செய்திக் கணக்கில் சேராது. ஒலிபரப்பிய எல்லாவற்றையும் 3 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி, குழப்பமான நாளில் அதை விட்டுவிடாதீர்கள்.

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துத் தகவல் மாறும். பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை 90.4 போன்ற நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம், வழக்கமான ஜூன் 14-க்குப் பதிலாக மே 31-லேயே முடிந்தது. கடற்கரையில் இருப்பவருக்கு அந்தத் தேதிதான் முகக்கவசத்துக்கு அடுத்த பெரிய தகவல். உங்கள் பக்கம் செங்கல் சூளையோ நூற்பாலையோ இருந்தால் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இருப்பார்கள். சாப்பாடு எங்கே, ரயிலுக்கு எப்படிப் பதிவு செய்வது என்பதை அவர்களில் ஒருவரையே அவர் மொழியில் பேச வையுங்கள். நாம் அரைகுறை இந்தியில் படிப்பதைவிட அவர் குரலைத்தான் அவர்கள் நம்புவார்கள்.

உதவி கேட்பதையும் கொடுப்பதையும் இணைக்க ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மிஸ்டு கால் கொடுத்தால் நாம் திருப்பிக் கூப்பிடுவது என்று வைத்தால் காசில்லாதவரும் பேசுவார். டயாலிசிஸுக்குப் போக வண்டி வேண்டும், தோட்டத்தில் தர்பூசணி அழுகுகிறது, பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, எல்லாம் வரும். உதவி கேட்பவரின் பெயரையும் எண்ணையும் காற்றில் சொல்லாதீர்கள், நிலையத்து எண்ணை மட்டும் சொல்லி, இருவரையும் தனியாகப் பேசவிட்டுச் சேர்த்துவிடுங்கள். வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்கள் நிகழ்ச்சிக்குப் போன் செய்ய முடியாது. அவர்களுக்காக 181-ஐயும், குழந்தைகளுக்காக 1098-ஐயும் பாட்டுகளுக்கு நடுவில் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

யாருக்குத் தொற்று என்பதை ஒருபோதும் சொல்லக் கூடாது. பெயர் மட்டுமல்ல, தெருகூட வேண்டாம். சின்ன ஊரில் "கிழக்குத் தெருவில் ஒரு டெய்லர்" என்றாலே போதும், அந்த வீட்டுக்குத் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில், தொற்றில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யப் போனவர்கள்மேல் கல்லெறிந்தார்கள். பயம் அந்த அளவுக்குப் போகும். குணமாகி வந்தவர் தானே முன்வந்து பேசினால் மட்டும் பதிவு செய்யுங்கள், ஒரு நாள் கழித்து மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டு ஒலிபரப்புங்கள்.

வதந்திக்கு ஒரு வழி இருக்கிறது. கோழி சாப்பிட்டால் கொரோனா வரும் என்று பரவியபோது நாமக்கல் பக்கம் கோழியும் முட்டையும் விலை சரிந்து பண்ணைக்காரர்கள் நொடித்துப்போனார்கள். அதை மறுக்கும்போது வதந்தியிலிருந்து தொடங்கினால் பாதியில் வந்து கேட்பவர் மனதில் வதந்திதான் நிற்கும். "நன்றாக வேகவைத்த முட்டை சாப்பிடலாம்" என்று உண்மையில் தொடங்குங்கள், ஊருக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

பள்ளிப் பாடம் வைத்தால் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பக்க எண்ணைச் சொல்லி, பிள்ளைகள் எழுத நேரம் விட்டு, உள்ளூர் ஆசிரியரே நடத்தினால் ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கும் போய்ச் சேரும்.

கடைசியாகச் சாவு. இறுதிச் சடங்குக்கு 20 பேர்தான் என்று இருந்தபோது அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாத தம்பிகள் எத்தனை பேர். வாரம் ஒரு இரவு அவர்களுக்குக் கொடுங்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு பெயர், ஊர், அவர் என்ன வேலை செய்தார், என்ன பாடுவார் என்று சொந்தக்காரர் ஒருவர் போனில் சொல்லட்டும், எதில் இறந்தார் என்பது தேவையில்லை. ஊரில் ஒப்பாரி பாடும் பாட்டி இருந்தால் அவரைக் கேளுங்கள், அவர் வீட்டுத் திண்ணையிலேயே, மைக்கை நீளமான கம்பில் கட்டி நீட்டிப் பதிவு செய்யலாம். முடிந்ததும் விளம்பரமோ ஜிங்கிளோ போடாமல் ஒரு நிமிடம் விடுங்கள். சத்தம் நின்றால் தானாகப் பாட்டைத் தொடங்கும் வசதி மென்பொருளில் இருந்தால், அந்த ஒரு நிமிடத்துக்கு அதை அணைத்து வைக்க மறக்காதீர்கள்.