தொல்காப்பியத்தை இணையத்தில் தேடுவோர் சறுக்கும் இடங்கள்

முதுகலைத் தமிழ் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தால், நாங்கள் படித்த காலத்துப் பிழைகளே வரிசைகட்டி வருகின்றன. நூலகத்தில் செய்ததை இப்போது இணையத்தில் செய்கிறார்கள், அவ்வளவுதான். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழையை விட்டுவிடுகிறேன்.

நூற்பா எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது

நினைத்தாலே எரிச்சல் வருவது இதுதான். புலனெறி வழக்கம், அதாவது புலவர்கள் பாடும் மரபு, பற்றிக் கட்டுரை. ‘நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்’ என்ற தொல்காப்பிய நூற்பாவை, அதாவது சூத்திரத்தை, தேடுகிறார் மாணவர். ஒரு தளத்தில் அகத்திணையியல் 56, இன்னொன்றில் 53. இரண்டும் சரி! அந்த இயலில் பழைய உரையாசிரியர்களில் இளம்பூரணர் கொண்டது 58 நூற்பா, நச்சினார்க்கினியர் கொண்டது 55. ஒருவர் பிரித்ததை மற்றவர் சேர்த்திருப்பார். போதாததற்கு, சில பதிப்புகள் இயல்தோறும் 1இலிருந்து எண்ணும். சில, அந்த இயல் அடங்கிய பொருளதிகாரம் முழுக்கத் தொடர் எண் போடும். உரையாசிரியர் பெயர் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆய்வு மாணவி ஒருவர், கிடைத்த தளங்களில் இருந்தெல்லாம் எண்களை எடுத்து ஆய்வேட்டை முடித்துவிட்டார். பாதி இளம்பூரணர் எண், பாதி நச்சினார்க்கினியர் எண். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் நச்சினார்க்கினியர் உரையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகக் கேட்டார். புத்தகத்தில் இருந்தது வேறு நூற்பா. அடிக்குறிப்பு முழுவதையும் திருத்தித் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்குள் கல்லூரி வேலைக்கான விண்ணப்பத் தேதி போய்விட்டது. உழைப்பில் குறையே இல்லாத பிள்ளை அது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் உரைகள் தனித்தனியாக இருக்கின்றன. எதைத் திறந்தீர்களோ அந்தப் பெயரை அப்போதே எண்ணோடு சேர்த்து எழுதுங்கள்: தொல். அகத். 56, இளம். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றால் அந்தப் ‘பிறகு’ வராது.

பழைய அச்சு என்றாலே நம்பிவிடுவது

பழைய புத்தகங்களின் பக்கங்களை அப்படியே படமாகப் பார்க்க முடிவது பெரிய வரம்தான். ஆனால் சி.வை. தாமோதரம் பிள்ளை 1885இல் பதிப்பித்த பொருளதிகாரத்தில், கடைசி இயல்களுக்குப் பேராசிரியர் என்ற பெயருள்ள பழைய உரையாசிரியர் எழுதிய உரையும் நச்சினார்க்கினியர் பெயரிலேயே வந்தது. பிரித்துக் காட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். முன்னோடியின் உழைப்பைக் குறைசொல்லவில்லை; மேற்கோள் காட்டும் முன் ஒரு பிற்காலப் பதிப்போடு ஒத்துப் பாருங்கள் என்கிறேன்.

லெக்சிகனோடு நின்றுவிடுவது

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பொருளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் நூலின் சுருக்கப் பெயர் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போகவேண்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் நூற்பா கேட்பது

வேண்டாம். இல்லாத நூற்பாவுக்கும் எண் சொல்லும்.

முழு அடியையும் தேடுபெட்டியில் போடுவது

இணையப் பனுவல்களில் சில சந்தி பிரித்தவை, சில பிரிக்காதவை. ‘வழக்கினும் உலகியல்’ என்று தேடினால் ‘வழக்கினு முலகியல்’ அகப்படாது. சந்தியில் உருமாறாத ஒரு சொல்லை மட்டும் போடுங்கள். இந்த நூற்பாவுக்குப் ‘புலனெறி’ போதும்.