ஜிபிஎல் மீறலைப் புகார் செய்யும்போது எங்கே கோட்டை விடுகிறோம்

புது வைஃபை ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்து, அன்று இரவே டெல்நெட் என்ற கட்டளை இணைப்பு வழியாக உள்ளே நுழைந்து பார்த்தேன். திரையின் முதல் வரியிலேயே பிஸிபாக்ஸ் என்ற பெயரும் பதிப்பு எண்ணும் வந்து நின்றன. பிஸிபாக்ஸ் என்பது இதுபோன்ற சிறு கருவிகளில் ஓடும் கட்டளைத் தொகுப்பு, ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருவது. நிரலைப் பிறருக்குக் கொடுப்பவர் அதன் மூலநிரலும், அதாவது நிரலாளர் எழுதிய வடிவமும், கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது ஜிபிஎல்லின் விதி. அடியில் ஓடிய லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்கும் அதே உரிமம்தான். நிறுவனத்தின் இணையதளத்தில் மூலநிரலைத் தேடினேன், இல்லை. கோபம் தலைக்கேறியது. நிறுவனத்தின் பெயரைப் போட்டு, ‘திருட்டு’ என்ற சொல்லையும் போட்டு, பொதுவில் எழுதிவிட்டேன்.

மறுநாள் பெட்டியைப் பரணில் வைக்கப் போனபோது, அடாப்டர் இருந்த அட்டைக்கு அடியில் நான்காக மடித்த தாள் ஒன்று கிடந்தது. உத்தரவாத விதிகளுக்கெல்லாம் கீழே, பொடி எழுத்தில் இரண்டு வரி: ஜிபிஎல் மென்பொருளின் மூலநிரல் வேண்டுவோர் இந்த முகவரிக்கு எழுதலாம், மூன்று ஆண்டுகளுக்கு இது செல்லும்.

நான் செய்த முதல் தவறு இதுதான், பலரும் செய்வதும் இதுதான். மூலநிரல் இணையதளத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு சொல்லவில்லை. பொருளோடு சேர்த்தே கொடுக்கலாம். அல்லது, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்படி, யார் கேட்டாலும் தருகிறோம் என்று எழுத்தில் உறுதி கொடுக்கலாம். அனுப்புவதற்கு ஆகும் செலவை வாங்கிக்கொள்ளவும் உரிமை உண்டு. ஆகவே பெட்டி, கையேடு, ரவுட்டரின் அமைப்புப் பக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கேட்டும் பார்த்த பிறகுதான் ‘தரவில்லை’ என்று சொல்ல முடியும். எழுதியதை நீக்கி, மன்னிப்பும் கேட்டேன்.

மீறலே இல்லாததை மீறல் என்று சொல்வதும் நிறைய நடக்கிறது. கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருளை, காசுக்கு விற்பது மீறல் இல்லை. ஒரு நிறுவனம் தன் அலுவலகத்துக்குள் மாற்றி வைத்துக்கொண்டு யாருக்கும் கொடுக்காமல் இருந்தால் அதுவும் இல்லை. சர்வரில் ஓட்டி இணையம் வழியாகச் சேவை மட்டும் தந்தால் சாதாரண ஜிபிஎல் மூலநிரல் கேட்காது, அதன் உறவு உரிமமான ஏஜிபிஎல், நிரலை மாற்றி ஓட்டினால் கேட்கும். எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் வைத்தால் போதும் என்பவை. அந்த வாசகத்தைத் தூக்கிவிட்டால் அதுவும் மீறல்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். தாளில் இருந்த முகவரிக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து ஒரு பொதி வந்தது. பிரித்துப் பார்த்தால் கெர்னல் இருந்தது, பிஸிபாக்ஸ் இருந்தது, ஆனால் அவற்றைத் தொகுக்கும், அதாவது ஓடக்கூடிய கோப்பாக மாற்றும், ஸ்கிரிப்டுகள் இல்லை, கட்டமைப்புக் கோப்பும் இல்லை. இப்போதுதான் உண்மையான மீறல்! தொகுக்கவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளும் மூலநிரலில் சேரும் என்று உரிமம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் இதை நான் பொதுவில் எடுத்துச் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன தடவை அவசரப்பட்டவர்தானே என்று விட்டுவிட்டார்கள். ஒரு தவறான புகார் அடுத்த சரியான புகாரையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. அந்த வலி எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பொதி வந்ததும் ‘கொடுத்துவிட்டார்கள்’ என்று விட்டுவிடுவது இதற்கு நேர்மாறான தவறு. தொகுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் நிற்கிறது, எந்தக் கோப்பு இல்லை என்று பிழைச் செய்தியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

ஆதாரத்தைப் பத்திரப்படுத்தாமல் இருப்பதும் பெரிய தவறு. புகார் போன மறுநாளே பதிவிறக்கப் பக்கத்தில் கோப்பு மாறிவிடலாம். ஃபர்ம்வேர் கோப்பை, அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருளை, முதலிலேயே இறக்கி, அதன் ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் கைரேகை போன்றது) தேதியையும் எழுதி வையுங்கள். பொருளின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுங்கள். ஒரே மாடலுக்கு வெவ்வேறு வன்பொருள் பதிப்புகள் இருக்கும், உள்ளே இருக்கும் நிரலும் வேறாக இருக்கும். வாங்கிய ரசீது, உள்ளே கிடந்த தாள்கள், நீங்கள் மூலநிரல் கேட்டு எழுதிய கடிதம், வந்த பதில் எல்லாம் வேண்டும். ‘லினக்ஸ் மாதிரி தெரிகிறது’ என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

அப்புறம், யாரிடம் சொல்வது? கட்டற்ற மென்பொருள் என்றாலே எஃப்எஸ்எஃப் (ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்) பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுகிறோம். உரிமத்தை எழுதியது அவர்கள்தான், ஆனால் அதை நிலைநாட்டும் உரிமை பொதுவாகப் பதிப்புரிமை வைத்திருப்பவரிடம் இருக்கிறது. க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் நிரல்கள் பலவற்றின் பதிப்புரிமை எஃப்எஸ்எஃப்பிடம் இருப்பதால் அவற்றுக்கு அவர்களிடம் போகலாம். லினக்ஸ் கெர்னலின் பதிப்புரிமை ஆயிரக்கணக்கான நிரலாளர்களிடம் சிதறிக் கிடக்கிறது. லினக்ஸ், பிஸிபாக்ஸ் நிரலாளர்கள் சிலருக்காகப் பேசுவது சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு. வாங்கியவருக்கே மூலநிரல் கேட்கும் உரிமை உண்டு என்று, தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் விசியோ மீது 2021-ல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டதும் இவர்கள்தான்.

நிறுவனத்துக்கு எழுதும்போது மிரட்டலில் தொடங்காதீர்கள். பெட்டியில் பெயர் இருப்பவர் நிரலை எழுதியிருக்கவே மாட்டார். சில்லைச் செய்தவரிடமிருந்தோ வேறு ஒப்பந்தக்காரரிடமிருந்தோ வாங்கியிருப்பார். முழு மூலநிரல் அவர் கையிலேயே இல்லாமல் போவதும் உண்டு. அது சாக்கு ஆகாது, விநியோகிப்பவருக்குப் பொறுப்பு இருக்கிறது. ஆனால் உள்ளே தேடி எடுக்க ஒரு பொறியாளர் முயல வேண்டும். உங்கள் கடிதம் நேராக வக்கீல் மேசைக்குப் போனால் அந்தப் பொறியாளர் வாயே திறக்க மாட்டார். எஃப்எஸ்எஃப், கன்சர்வன்சி இரண்டும் 2015-ல் வெளியிட்ட கொள்கைகளும் வழக்கைக் கடைசி வழியாகத்தான் வைக்கின்றன. முதல் தடவை மீறியவர், பதிப்புரிமை வைத்திருப்பவரின் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் மீறியதால் இழந்த உரிமம் அவருக்கு மீண்டும் கிடைக்க ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வழி விடுகிறது. இதே சலுகையை 2017-ல் கெர்னல் நிரலாளர்கள் பலரும் ஏற்றுக்கொண்டார்கள்.

பொறுமை என்றால் கைவிடுவது என்று பொருள் இல்லை. 2003-ல் லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்து மூலநிரல் கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. வந்ததை வைத்துத்தான் 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற ரவுட்டர் மென்பொருள் திட்டம் தொடங்கியது. லிங்க்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோவோடு எஃப்எஸ்எஃப் ஆண்டுக்கணக்கில் பேசிப் பார்த்தது, 2008 டிசம்பரில்தான் வழக்குக்குப் போனது. அடுத்த ஆண்டு மே மாதம் சமரசம் ஆனது.

உங்கள் வாய் மூடியிருக்க நீங்களே நிறுவனத்திடம் பணமோ புதுப் பொருளோ கேட்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். ஜெர்மனியில் பணத்துக்காக உரிமத்தைப் பயன்படுத்துகிறார் என்ற குற்றச்சாட்டில், லினக்ஸ் கெர்னலின் ஃபயர்வால் பகுதியை எழுதும் நெட்ஃபில்ட்டர் குழு தன் உறுப்பினர் ஒருவரையே 2016-ல் விலக்கி வைத்தது.

நான் இரண்டாவது கடிதத்தில் ‘மீறல்’ என்ற சொல்லை ஒரே ஒரு இடத்தில்தான் எழுதினேன். இல்லாத கோப்புகளின் பட்டியல், நின்றுபோன வரி, லேபிளின் படம், உரிமத்தில் அந்தப் பத்தி. அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து ஒரு பொறியாளரிடமிருந்து பதில் வந்தது, இணைப்பில் கட்டமைப்புக் கோப்போடு. அன்று மாலை தொகுக்க விட்டேன். இரவு சாப்பிட்டு வந்து பார்த்தபோது, பிழை எதுவும் இல்லாமல் ஓடி முடிந்து ஃபர்ம்வேர் கோப்பு தயாராக இருந்தது.