மாஸ்டடான் பக்கம் போறவங்க பண்ற தப்பு, நான் பண்ணதையும் சேர்த்து

2022 அக்டோபர் கடைசில ட்விட்டர் கை மாறுச்சுல்ல, அப்ப எங்க செட்ல ஏழு பேரு ஒரே வாரத்துல, ட்விட்டர் மாதிரியே போஸ்ட் போடற மாஸ்டடானுக்குப் போனோம். கொள்கை கிள்கையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, சேலத்துல இருந்து ஞாயித்துக்கிழமை வண்டிய எடுத்துக்கிட்டு ஏற்காடு ஏறி குருவி படம் எடுக்கற கூட்டம், அவ்ளோதான். இன்னைக்கு அங்க மிச்சம் இருக்கறது மூணே பேரு. போனவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், எல்லாருமே பழைய வீட்டு பழக்கத்தோட புது வீட்டுக்குள்ள போனோம், அதான் கதையே.

முதல் தப்பு, பெரிய தப்பு, யார் வீட்டுல குடியிருக்கோம்னு கேக்காம உள்ள போறது. மாஸ்டடான்ங்கறது ஒரே கம்பெனி நடத்தற ஒரே சைட் இல்ல. 2016ல ஜெர்மனில யூஜென் ரோச்கோன்னு ஒருத்தர் எழுதி விட்ட சாஃப்ட்வேர், யாரு வேணா எடுத்து தன்னோட சர்வர்ல ஓட்டிக்கலாம். ஜிமெயில்ல இருந்து யாஹூக்கு மெயில் போற மாதிரி ஒரு சர்வர்ல இருக்கறவரு இன்னொரு சர்வர்ல இருக்கறவர ஃபாலோ பண்ணலாம், அதுக்கான பொது பாஷைதான் ஆக்டிவிட்டிபப், 2018ல வெப் தரங்கள் வைக்கற டபிள்யூ3சி அத ஏத்துக்கிட்டாங்க. லெம்மி, பிக்சல்ஃபெட், பீர்ட்யூப்னு வேற சாஃப்ட்வேருங்களும் இதே பாஷைதான் பேசுது. நல்ல விஷயம்தான், ஆனா உங்க சர்வருக்கு வாடகை கட்டறது யாரோ ஒரு தனி ஆளு, ராத்திரி வேலை முடிஞ்சு வந்து உக்காந்து சண்டைய பிரிச்சு விடறதும் அவருதான், அவருக்கு சலிச்சுப் போனா கடைய சாத்திருவாரு.

என் சர்வர் அப்படித்தான் சாத்துச்சு. அஞ்சு ரோடு பக்கம் நின்னு தட்டுவடை செட் சாப்பிட்டுக்கிட்டே ஃபோன பார்த்தேன், இத்தனாந் தேதியோட மூடறோம்னு சர்வர் நடத்தற அட்மின் போட்டிருந்தாரு, போட்டே மூணு வாரம் ஆயிருச்சு நான்தான் பார்க்கல, நாளைக்கு கடைசி நாள். அவசர அவசரமா வேற சர்வர்ல அக்கவுண்ட் ஆரம்பிச்சு மாத்திக்கிட்டேன், ஃபாலோயர்ஸ் தானா வந்துட்டாங்க. போஸ்ட் வரல. மாஸ்டடான்ல போஸ்ட் மாறாது, ஆளுங்க மட்டும்தான் மாறுவாங்க, இத நான் அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கிளியூர் அருவிகிட்ட ரெண்டு மணி நேரம் குத்துக்கால் போட்டு எடுத்த சீகாரப் பூங்குருவி படம், அதுக்குக் கீழ ஒரு ஃபின்லாந்துக்காரர் எழுதின நாலு பத்தி, எல்லாம் போச்சு. படம் கார்டுல இருக்கு, அந்த நாலு பத்திக்கு எங்க போறது? நீங்க போட்ட போஸ்ட்ட இறக்கி வச்சுக்க செட்டிங்ஸ்ல ஆர்க்கைவ் டவுன்லோட்னு ஒண்ணு இருக்கு, வாரத்துக்கு ஒரு தடவ கேக்கலாம், கேளுங்க. நீங்க யார யார ஃபாலோ பண்றீங்கங்கற லிஸ்ட்டும் தனியா எடுத்து வைங்க, அது சிஎஸ்வி ஃபைலா வரும். பழைய சர்வர் உயிரோட இருக்கறப்பவே மாறணும், செத்த பின்னாடி மாற முடியாது.

அட்மினே மனசு வச்சாலும் சில சமயம் நடக்காது. .ஏஎஃப்னு முடியற பேரு அழகா இருக்குன்னு வாங்கி சர்வர் நடத்துனாங்க சிலர், அது ஆப்கானிஸ்தானோட டொமைன், 2024 பிப்ரவரில தாலிபான் அரசாங்கம் பேர புடுங்கிருச்சு.

அடுத்தது, போஸ்ட் போட்டுட்டு லைக்குக்காக காத்திருக்கறது. இங்க லைக்க வச்சு யாருக்கும் தள்ளி விடற அல்காரிதம் ஹோம் ஃபீட்ல கிடையாது, போட்ட நேர வரிசைல வரும், முடிஞ்சது. நாலு பேரு பார்க்கணும்னா யாராவது பூஸ்ட் பண்ணணும், அதாவது அவங்க ஆளுங்களுக்கு எடுத்துப் பகிரணும், ஹேஷ்டேக் போடணும். தேடல்ல உங்க போஸ்ட் வரணும்னா அதுக்கும் நீங்களே செட்டிங்ஸ்ல ஓகே சொல்லியிருக்கணும். எங்க செட்ல நாலு பேரு திரும்பிப் போனது இதுல வெறுத்துத்தான். படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்துல என்ன இருக்குன்னு சொல்ற வரி, எழுதாம போட்டா சில சர்வர்க்காரங்க மூஞ்ச சுளிப்பாங்க, கண்ணு தெரியாதவங்க நிறைய பேரு இருக்கற இடம், எழுதிருங்க, ரெண்டு வரிதான்.

கடைசியா டைரக்ட் மெசேஜ். அது ரகசியம்னு நினைக்காதீங்க, மாஸ்டடான்ல அது என்க்ரிப்ட் ஆகறதில்ல, சர்வர் நடத்தறவரு நினைச்சா பார்க்கலாம். அதவிட மோசம் ஒண்ணு இருக்கு. செவ்வாப்பேட்டைல வெள்ளிக் கொலுசு பட்டறை வச்சிருக்கற கூட்டாளி ஒருத்தன் எனக்கு மட்டும்னு நினைச்சு, இந்தாளு சரக்க வாங்கிட்டு மூணு மாசமா பாக்கி தரலடான்னு எழுதுனான், இந்தாளுங்கற இடத்துல அட் (@) போட்டு அவரு ஐடிய டைப் பண்ணிட்டான். அங்க அட் போட்டு யார் பேர எழுதுனாலும் அந்த மெசேஜ் அவருக்கும் போயிரும். அஞ்சு நிமிஷத்துல அவருகிட்ட இருந்து பதில், நாளைக்கு அனுப்பி விடறேங்கன்னு. சொன்ன மாதிரியே பாக்கி வந்துருச்சு, அதுக்கப்புறம் ஆர்டர்தான் வரல.