ரிம் கிராக் ஆகுறதுக்கு பள்ளம் மட்டும் காரணம் இல்ல, நாம பண்ற தப்பும்தான்

என் கார்ல ஒரு டயர் மட்டும் வாரத்துக்கு ஒருவாட்டி காத்து இறங்கிட்டே இருந்துச்சு, பஞ்சரும் இல்ல வால்வும் நல்லாதான் இருக்கு, கடைசில வீலை கழட்டி சோப்பு தண்ணி ஊத்தி பார்த்தா ரிம்மோட உள்பக்கத்துல தலைமுடி கனத்துக்கு ஒரு கிராக், அதுலேர்ந்து பொடிப்பொடியா நுரை வருது. வெளிப்பக்கம் ஒரு கீறல் கூட இல்ல, பளபளன்னு இருக்கு. அலாய் வீல்ல (அலுமினிய கலவைல செஞ்ச வீல்) ஸ்போக் எல்லாம் பெரும்பாலும் வெளிப்பக்கமா ஒட்டி இருக்கும், உள்விளிம்புக்கு அந்த தாங்கல் கிடையாது, அதனால அடி வாங்கினா அங்கதான் முதல்ல போகும். பெரிய பள்ளத்துல இறங்கின பிறகு வெளிய மட்டும் பார்த்துட்டு ஒண்ணும் ஆகலன்னு விட்றாதீங்க.

காத்து கம்மியா வச்சு ஓட்டுறது அடுத்த தப்பு, எனக்கு கேட்டா இதுதான் பெரிய தப்பு. பள்ளத்தோட விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவுல நிக்கறது டயர்ல இருக்கற காத்து மட்டும்தான், அது குறைஞ்சா டயர் நசுங்கி ரிம் நேரா கல்லுல போய் அடிக்குது. இதுல அழகுக்காக பெரிய ரிம் வேற மாட்டுறோம். 205/55 ஆர்16 டயர்ல (அகலம் 205 மில்லிமீட்டர், சைட்வால் அதுல 55 சதவீதம், ரிம் 16 இன்ச்) சைட்வால், அதாவது டயரோட பக்கச்சுவர், உயரம் 11 சென்டிமீட்டருக்கு மேல இருக்கும், அதையே 225/40 ஆர்18-ஆ மாத்தினா 9 தான். அந்த ரெண்டு சென்டிமீட்டர் போறது ரோடு மோசமா இருக்கற இடத்துல நல்லாவே தெரியும்.

பள்ளத்துக்குள்ள இறங்கும்போதும் பிரேக்கை மிதிச்சுட்டே இருக்காதீங்க, பாரம் முழுக்க முன்வீலுக்கு வந்துடும். முன்னாடியே ஸ்லோ பண்ணிட்டு கால எடுத்துடணும்.

அலாய்னா ஸ்டீலை விட ஸ்ட்ராங்னு நிறைய பேர் நினைக்கறாங்க. ஸ்டீல் அடி வாங்கினா பெரும்பாலும் வளையும், வார்ப்பு அலாய் கிராக் விட வாய்ப்பு அதிகம், ஃபோர்ஜ்டு (அழுத்தி அடிச்சு உருவாக்கின) அலாய்தான் உண்மையிலேயே கெட்டி. கிராக் விட்ட அலாய வெல்டிங் வச்சு ஓட்டுறது ரொம்ப ஆபத்துங்க. அலாய்க்கு பலம் வர்றதே ஃபேக்டரில கணக்கா சூடு பண்ணி பதப்படுத்துறதாலதான், வெல்டிங் சூட்டுல அந்த பதம் போயிடும், ஒட்டு பக்கா மாதிரி தெரியும் ஆனா அதுக்கு பக்கத்துலயே இன்னொரு கிராக் வரும். நெருப்புல காட்டி பென்ட் எடுக்கறதுலயும் இதே பிரச்சனை இருக்கு. கிராக் இருந்தா ரிம்மை மாத்திடுங்க, நான் மாத்திட்டேன்.

நட்டு டைட் பண்றதுலயும் கவனம் வேணும், ஏர் கன்ன வச்சு ஒரே அழுத்தா அழுத்திட்டு விட்றாங்க. நிறைய கார்களுக்கு நட்டோட முறுக்கு அளவு 100லேர்ந்து 120 நியூட்டன் மீட்டர் வரும், சரியான அளவு மேனுவல்ல இருக்கும், எதிரெதிர் நட்டா டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு பார்த்து டைட் பண்ற ஸ்பேனர்) வச்சு டைட் பண்ணிட்டு ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓடினப்புறம் திரும்ப செக் பண்ணணும்.

புது ரிம் வாங்கும்போது டிசைன மட்டும் பார்க்காம பின்னாடி திருப்பி பாருங்க, நல்ல ரிம்ல எத்தனை கிலோ தாங்கும்னு அச்சுலயே போட்டிருக்கும். உங்க கார்ல ஒரு ஆக்ஸிலுக்கு, அதாவது அதுல இருக்கற ரெண்டு வீலுக்கும் சேர்த்து, 1000 கிலோ வரைக்கும் அனுமதின்னா ஒரு ரிம் 500 கிலோவாவது தாங்கணும், நம்பரே இல்லாத ரிம்ம எடுக்காதீங்க.